பயத்தைப் பழிக்காதே, அளவைக் காட்டு!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பயந்துபோய்க் கேள்வி கேட்கிற ஏழையின் வாயை அடைக்க இதைவிட வசதியான பழமொழி கிடையாது. ஆனால் அந்த இருட்டு எப்படி வந்தது, விளக்கு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த முறை நமது சுகாதாரப் பகுதியில் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

விஷயம் மீன். 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் பூமி அதிர்ந்து, கடல் பொங்கி, ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகிப் போயின. அந்த உலைகளைக் குளிர வைத்த தண்ணீர் பன்னிரண்டு வருஷமாகத் தொட்டி தொட்டியாகச் சேர்ந்து பத்து லட்சம் டன்னையும் தாண்டிவிட்டது. 2023 ஆகஸ்டு 24-ல் அதைச் சுத்திகரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விட ஆரம்பித்தார்கள். அன்றைக்கே சீனா ஜப்பானியக் கடலுணவு வேண்டாமென்று தடை போட்டது. உடனே நம் கைப்பேசிகளில் குரல் செய்திகள் பறக்க ஆரம்பித்தன. "மீன் வாங்காதீங்க, கடல் பூரா விஷமாயிடுச்சு!"

செலாயாங்கில் இருப்பவர்களுக்கு இது ரொம்பக் கிட்டத்துச் சங்கதி. அங்கே உள்ள பாசார் போரோங்கிலிருந்துதான் கோலாலம்பூருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் மீனும் காய்கறியும் லோரி லோரியாகப் போகின்றன. தோட்டத்துக்கு வேனில் வரும் மீன்காரர் கூடையில் இருப்பதும், தாமான் ஓரத்துக் காலைச் சந்தையில் விற்பதும் பெரும்பாலும் அப்படி ஒரு மொத்தச் சந்தையைத் தாண்டி வந்தவைதான். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நம் குடும்பங்களும், இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்களும் ஒரே கூடையிலிருந்துதான் சாப்பிடுகிறோம். ஆகவே, "மீன் வாங்கலாமா, வேணாமா?" என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமை அல்ல. பிள்ளைக்குச் சோறு போடுகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

தப்பு எங்கே இருக்கிறதென்றால், அந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்தான் அவளுக்குக் கிடைக்கிறது. ஒன்று, "எல்லாம் விஷம்." இன்னொன்று, "ஒன்றுமில்லை, சும்மா இரு." இரண்டிலும் அளவு இல்லை. அளவு இல்லாத பதில் எதையும் நம்ப வேண்டியதில்லை என்பதே நமது கட்சி.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்

கதிரியக்கம் என்றதும் ஏதோ பூதம் போலப் பயப்படுகிறோம். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, நாக்கில் உறைக்காது. கெட்டுப்போன மீனை மூக்கு சொல்லிவிடும். இதை மூக்கு சொல்லாது. பயம் பெரிதாவதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் கருவிக்கு நன்றாகத் தெரியும். உணவில் கலந்த ரசாயன விஷம் பலவற்றை விட இதை அளப்பது சுலபம்.

அளக்கும் கணக்குக்கு பெக்கரல் என்று பேர். வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். நமது உடம்பிலேயே இயற்கையாக இருக்கும் பொட்டாசியத்தால் வினாடிக்கு 4,000-க்கு மேல் அணுக்கள் சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன. வாழைப்பழத்திலும் உண்டு. ஆகவே "கதிரியக்கம் இருக்கிறதா?" என்பது சரியான கேள்வி அல்ல. "என்ன பொருள்? எவ்வளவு?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அணு விபத்தில் உணவுக்கு வரும் பொருள்களில் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். முதலாவது அயோடின் 131. இது புல்லில் விழும், மாடு மேயும், பாலில் வரும், குழந்தையின் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். பொல்லாதது, ஆனால் எட்டு நாளுக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இரண்டாவது சீசியம் 137. இது பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும். மண்ணிலும் காட்டிலும் தங்கிக் காளானிலும் இறைச்சியிலும் மீனிலும் ஏறும். மூன்றாவது டிரிட்டியம். இது தண்ணீரோடு தண்ணீராகவே இருப்பதால் வடிகட்டிப் பிரிக்க முடியவில்லை. ஃபுக்குஷிமா தண்ணீரில் மிச்சம் இருப்பது முக்கியமாக இதுதான்.

ஜப்பான் கடலில் விடும் தண்ணீரில் டிரிட்டியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குடிக்கும் தண்ணீருக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குரல் செய்தியில் வந்த கூச்சல் பாதி அடங்கிவிடும். செலாயாங்கில் விற்கும் கெம்போங் மீனுக்கும் ஃபுக்குஷிமாவுக்கும் நடுவே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் மீதியும் அடங்கும்.

அப்படியென்றால் பயப்பட ஒன்றுமே இல்லையா? அவசரப்பட வேண்டாம். அந்த வரம்பை அவர்கள் காப்பாற்றுகிறார்களா என்று யாராவது முப்பது வருஷத்துக்கு அளந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் விடும் வேலை அவ்வளவு காலம் நடக்கும். அளவு என்பது ஒருநாள் அறிக்கையோடு முடிகிற சமாச்சாரம் அல்ல.

பாலில் வந்த கேடு

பயந்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் செர்னோபிலை நினைக்க வேண்டும். 1986 ஏப்ரல் 26-ல் சோவியத் நாட்டில் அந்த அணு உலை வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்பியாத் ஜனங்களை அப்புறப்படுத்தவே ஒன்றரை நாள் ஆயிற்று. வெளி உலகத்துக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்து, அதுவும் சுவீடனில் கருவிகள் காட்டிக்கொடுத்த பிறகு. அதற்குள் மழை பெய்து, புல்லில் படிந்து, மாடு மேய்ந்து, பால் கறந்து, பிள்ளைகள் குடித்தும் ஆகிவிட்டது.

அதன் பலன் என்ன? பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகள் ஆகிய இடங்களில் அன்றைக்குப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தவர்களில், 2005 வரைக்கும் 6,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. அதில் பெரும் பங்குக்குக் காரணம் அந்தப் பால்தான் என்று ஐக்கிய நாட்டு விஞ்ஞானக் குழுவே சொல்லியிருக்கிறது. அந்த நாள்களில் "இரண்டு மாசத்துக்குப் பசும்பால் கொடுக்காதீங்க" என்று நேரத்தோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருக்கும்! பக்கத்து நாடான போலந்து அப்படிச் சும்மா இருக்கவில்லை. சில நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்து, பாலுக்கும் கட்டுப்பாடு போட்டது.

ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருந்த பிரிட்டனில், வேல்ஸ் மலைகளில் மேய்ந்த ஆடுகளுக்கு 1986-ல் போட்ட கட்டுப்பாடு 2012-ல்தான் முழுதும் நீங்கியது. இருபத்தாறு வருஷம்! ஆட்டை அளந்து, அளவு குறைந்தால்தான் சந்தைக்கு விட்டார்கள். அதனால் அந்த ஊர் ஆட்டிறைச்சியை ஜனங்கள் நம்பிச் சாப்பிட முடிந்தது.

தேநீர் குடித்துக் காட்டிய அமைச்சர்

தேயிலைக் காட்டில் உழைப்பவர்கள், கேமரன் மலைத் தோழர்கள், இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். துருக்கி நாட்டில் கருங்கடல் ஓரம் ரிசே என்று ஒரு வட்டாரம். நம் கேமரன் மலை போலத் தேயிலையே அதன் பிழைப்பு. செர்னோபில் மேகம் அந்தப் பக்கமும் போய் 1986-ல் கொழுந்தின்மேல் மழையாக இறங்கியது. ஜனங்கள் பயந்தார்கள். அப்போதைய தொழில் அமைச்சர் ஜாஹித் அரால் என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் முன்னால் தேநீர் குடித்துக் காட்டினார். "பாருங்கள், நானே குடிக்கிறேன்" என்கிற பாவனை! பிறகு சுமார் 58,000 டன் தேயிலை குடிக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிப் புதைக்கப்பட்டது.

அமைச்சர் ஒரு குவளை குடித்தால் அது பரிசோதனை ஆகுமா? ஒரு குவளையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வியாதி அப்படி வருவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பல வருஷம் கழித்து வருவது. அந்தக் குவளை தேநீரைப் பற்றி ஒன்றையும் நிரூபிக்கவில்லை. ஜனங்கள் கேட்டது எண்ணை, கிடைத்தது வேடிக்கை. இனி எந்தப் பெரிய மனிதர் எந்த ஊரில் எதைத் தின்று காட்டினாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நல்லா சாப்பிட்டீங்க ஐயா. அளவு எவ்வளவு?"

2023-ல் ஜப்பான் பிரதமர் கிஷிடாவும் ஃபுக்குஷிமா மீனைத் தின்று காட்டியது உண்மைதான். ஆனால் ஜப்பானில் இதற்கு முன்னமே ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மூட்டைக்கு மூட்டை அளந்த ஊர்

2011-ல் ஃபுக்குஷிமா மாநிலத்து அரிசியை யாரும் தொடவில்லை. விவசாயி கண்ணீர் விட்டான். "ஒன்றுமில்லை" என்று அரசாங்கம் சொன்னதை அவன் ஊர்க்காரனே நம்பவில்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? 2012 அறுவடையிலிருந்து அந்த மாநிலத்தில் விளைந்த அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் ஓட்டி அளந்தார்கள். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை! கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது ஜப்பான் வைத்த வரம்பு. 2012-ல் அதைத் தாண்டியவை 71 மூட்டை. 2013-ல் 28. 2014-ல் 2. 2015-லிருந்து ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான், 2020-ல், பெரும்பாலான இடங்களில் எல்லா மூட்டையையும் அளப்பதை நிறுத்தி மாதிரி எடுத்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள்.

இதில் உள்ள பாடத்தைப் பாருங்கள். முதல் வருஷத்தில் 71 மூட்டை தாண்டியது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மறைக்காததனால்தான் 2015-ல் "ஒன்றுமில்லை" என்று சொன்னபோது அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. கெட்ட எண்ணைச் சொல்லத் தெரிந்தவன் சொல்லும் நல்ல எண்ணைத்தான் நம்பலாம்.

எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். 2011 ஜூனில் ஷிசுவோக்கா என்ற ஊரின் காய்ந்த தேயிலையில் கிலோவுக்கு 679 பெக்கரல் என்று கண்டார்கள். அன்றைய வரம்பு 500. உடனே பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. அந்த இலையைத் தடுத்தது சரியே. ஆனால் காய்ந்த இலையை நாம் யாரும் கிலோ கணக்கில் மென்று தின்பதில்லை. ஒரு கரண்டி இலையை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, சாற்றைக் குடித்து, சக்கையைக் கொட்டுகிறோம். அதனால் 2012 ஏப்ரலிலிருந்து அங்கே தேயிலையை, குடிக்கும் சாறாக்கி அளக்கிறார்கள். அதற்கு வரம்பு குடிதண்ணீரைப் போலவே கிலோவுக்கு 10 பெக்கரல். ஆகவே எண் காதில் விழுந்தால், "எதுக்கு எவ்வளவு? காஞ்சதிலயா, குடிக்கிறதிலயா? வரம்பு எவ்வளவு?" என்று மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

நம் வீட்டுப் பக்கத்தில் நடந்தது

ஜப்பான், துருக்கி என்று தூரத்துக் கதை மட்டும் பேசி நிறுத்திவிட முடியாது. நம் நாட்டிலேயே, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டை அடுத்த புக்கிட் மேராவில் நடந்ததை மறக்கலாமா? அது அணு உலை விபத்து அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று நம் மண்ணிலும் தண்ணியிலும் கலந்திருக்குமோ என்ற பயமும், அந்தப் பயத்துக்குக் கிடைத்த மரியாதையும் ஒன்றுதான்.

ஈய லம்பத்தின் கழிவான ஆமாங்கிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுக்க ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலையை 1982-ல் அங்கே ஓட்ட ஆரம்பித்தார்கள். மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்காளி. பிரித்த பிறகு மிஞ்சுவது தோரியம் என்ற கதிரியக்கக் கழிவு. அதைப் பாப்பான் என்ற ஊரில் புதைக்கப் பார்த்தார்கள். 1984-ல் பாப்பான் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். "ஆபத்தில்லை" என்றது அரசாங்கம். அந்த அரசாங்கமே கூட்டிவந்த அனைத்துலக அணுசக்தி நிறுவனத்து நிபுணர்கள் பார்த்துவிட்டு, அந்தக் குழிகள் பத்திரமானவை அல்ல என்றார்கள்! 1985 ஜனவரியில் கழிவை வேறு இடத்துக்கு மாற்றுவதாக அரசாங்கம் முடிவு செய்தது. படிக்காத ஜனம் கத்துகிறது என்று சொன்னவர்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆலை இருந்த புக்கிட் மேரா மக்களோ, தாங்களே ஆளைத் தேடினார்கள். ஜப்பானிலிருந்து இச்சிகாவா என்ற பேராசிரியர் 1984 டிசம்பரில் வந்து ஆலையைச் சுற்றி அளந்து, அளவு ஏற்கத்தக்கதைவிட அதிகம் என்றார். 1985 பிப்ரவரியில் ஊர்மக்கள் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை வந்தபோது, அந்தப் போராட்டத்தில் நின்ற சிலரும் அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். 1992 ஜூலையில் ஈப்போ நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் கம்பெனி தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பிறகு இடத்தைச் சுத்தம் செய்து கழிவைக் கிளேடாங் மலைத்தொடரில் புதைக்க ஏறக்குறைய பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011-ல் செய்தி வெளியாயிற்று.

அந்த வட்டாரத்தில் ஐந்தாண்டில் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது என்றும் அவர்களில் ஏழு பேர் இறந்தார்கள் என்றும் அதே செய்திகள் சொல்லின. நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்பதே கம்பெனியின் பேச்சு. எது எப்படியோ, ஒன்று நிச்சயம். ஆபத்தில்லை என்று நிரூபிக்க வேண்டியவன் கம்பெனிக்காரன். ஆனால் ஆபத்து உண்டு என்று நிரூபிக்கும் சுமை, கருவியும் காசும் இல்லாத ஊர்மக்கள் தலையில் விழுந்தது. வருஷக்கணக்கில் வேலையை விட்டுக் கோர்ட் வாசலில் நின்றார்கள். 2012-ல் குவாந்தானுக்குப் பக்கத்துக் கெபேங்கில் லைனஸ் ஆலை தொடங்கியபோது ஜனங்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்றால், இந்தப் பழைய கணக்கு மனசில் இருந்ததனால்தான்.

இது நமக்குப் புதிதா?

தோட்டப் பாட்டாளிக்கு இந்தக் கதை புதிதே அல்ல. மருந்து தெளிக்கும் நம் பெண்கள், "மூக்குல ரத்தம் வருது, நகம் கழண்டு போவுது, கண்ணு எரியுது" என்று எத்தனை வருஷம் சொன்னார்கள்! "கையுறை போட்டியா? முகமூடி போட்டியா?" என்று அவர்களையே குற்றவாளியாக்கிக் கேட்டார்கள். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியை 2002-ல் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் சொன்னது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. நம் பெண்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் பிடித்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? ஃபுக்குஷிமா மீனைப் பற்றிக் கவலைப்படும் அதே வீட்டில், மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் அது நியாயமா? மருந்து அடித்த நிரையின் ஓரத்தில் முளைத்த கீரையைப் பறித்துக் குழம்பு வைக்கலாமா? தூரத்துப் பேய்க்குப் பயந்து கிட்டத்துப் பாம்பை மிதிக்கக் கூடாது. இந்த விஷத்துக்கும் அளவு உண்டு. அதையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பயத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

காசு உள்ளவர் மீனை நிறுத்தினால் கோழி வாங்குவார், வெளிநாட்டுச் சால்மன் வாங்குவார். நம் வீட்டில் கெம்போங்கை நிறுத்தினால் என்ன வரும்? மீ பாக்கெட் வரும். உப்பும் மாவும்தான் அதில் இருக்கும். வளர்கிற பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் மீனைவிடச் சல்லிசான சத்து எது? வதந்தியை நம்பி மீனை நிறுத்தினால் அதனால் வரும் சோகை நிச்சயம். மீனால் வரும் கதிரியக்கக் கேடு வெறும் யூகம். நிச்சயத்தைக் கொடுத்து யூகத்தை வாங்குவது நல்ல வியாபாரம் அல்ல.

2011 மார்ச்சில் சீனாவில் ஜனங்கள் அயோடின் உப்பு கதிரியக்கத்தைத் தடுக்கும் என்று நம்பி, கடைகளில் உப்பை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். உப்பில் உள்ள அயோடின் அதற்கு ஒரு மூலைக்கும் காணாது. ஜனம் ஏமாந்தது, விலையை ஏற்றி விற்ற வியாபாரிதான் லாபம் பார்த்தான். வதந்தியில் எப்போதும் எவனாவது ஒருவன் லாபம் பார்க்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

நம் கடலில் பிடித்த மீனை வழக்கம்போல வாங்குங்கள், சாப்பிடுங்கள். புதிதா, ஐஸ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மீனால் உடனே வரும் கேடு கெட்டுப்போன மீனால்தான்.

டின் மீன், பால் மாவு வாங்கும்போது எந்த நாட்டுச் சரக்கு என்று சீட்டில் படியுங்கள். சீட்டே இல்லாததை வாங்காதீர்கள்.

கொதிக்க வைத்தால் கதிரியக்கம் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதிநீர் கிருமியைக் கொல்லும், சீசியத்தைக் கொல்லாது. அதேபோல அயோடின் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் விழுங்காதீர்கள். தைராய்டு உள்ளவர்களுக்கு அதனாலேயே கெடுதல் வரும்.

மருந்து டின்னை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மருந்து அடித்த இடத்துக் கீரை வேண்டாம்.

குரல் செய்தி வந்தால் அனுப்புவதற்கு முன் பாருங்கள்: அதில் இடம் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அளவு இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

2023 ஆகஸ்டில் சுகாதார அமைச்சு, ஜப்பானிலிருந்து வரும் ஆபத்து மிகுந்த உணவுப் பொருள்களை நான்காம் நிலைச் சோதனைக்கு உட்படுத்துவதாக அறிவித்தது. அதாவது கண்காணித்து, பிரித்துப் பார்த்து, மாதிரி எடுத்து அளப்பது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் "பத்திரமாக இருக்கிறது" என்ற ஒரு வரி நமக்குப் போதாது. எத்தனை மாதிரி எடுத்தார்கள், எந்தப் பொருளில், என்ன அளவு கண்டார்கள், வரம்பு என்ன என்று எழுதி, செலாயாங் பாசார் போரோங் வாசலிலும் மற்றச் சந்தைகளிலும் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

கதிரியக்கப் பொருளைக் கையாளும் எந்த ஆலைக்குப் பக்கத்திலும், சுற்றியுள்ள தோட்டங்களின் கிணற்று நீரையும் காய்கறியையும் ஆற்று மீனையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். அளக்கும்போது தொழிற்சங்கத்தின் ஆளும் பயனீட்டாளர் சங்கத்தின் ஆளும் பக்கத்தில் நிற்க வேண்டும். அளவு நல்லபடி இருந்தால் ஆலைக்குத்தான் நல்ல பேர். மறைக்கிறவனுக்குத்தான் சாட்சி பயம்.

கிளைச் செயலாளர்கள் இதை ஒரு தீர்மானமாக எழுதி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பலாம். தாய்மார்கள் சந்தையில் மீன் தவுக்கேயிடம் "இது எங்கிருந்து வந்த மீன்?" என்று தினமும் கேட்கலாம். ஒருத்தி கேட்டால் சிரிப்பான். பத்துப் பேர் கேட்டால் அவன் மேலே இருப்பவனைக் கேட்பான்.

அரண்டவனைக் கேலி செய்ய ஆயிரம் பேர் உண்டு. நமது சங்கம் அந்த வேலையைச் செய்யாது. விளக்கை ஏற்றச் சொல்லி, விளக்கு வைத்திருப்பவனிடம் போய் நிற்கும். வெளிச்சத்தில் பேய் இல்லையென்று தெரிந்தால் நிம்மதியாகச் சாப்பிடுவோம். இருக்கிறதென்று தெரிந்தால் அதை விரட்டுவதற்குச் சேர்ந்து நிற்போம்.